குமரிக் கடலில் இறங்குமுன்: சுறாவும் இழுப்பும் கள்ளக்கடலும்

கன்னியாகுமரிக்கு வரும் வெளியூர்க் குடும்பங்கள் கடலைக் கண்டதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இங்க சுறா வருமா?" கேட்டுவிட்டு மதியம் ஓட்டலில் சுறாப்புட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். சுறா இந்தக் கடலில் இருக்கிறது, ஆழத்தில் நிறையவே இருக்கிறது. ஆனால் பயம் போக வேண்டிய இடம் வேறு. உலகம் முழுவதும் நடக்கும் சுறாக்கடிகளை ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் கணக்கெடுத்து வருகிறது. மனிதர் சீண்டாமலே சுறா கடித்ததாக அங்கே பதிவானவை 2023இல் 69, 2024இல் 47. அந்த 2024 முழுக்க, உலகம் முழுக்க, அப்படிக் கடிபட்டு இறந்தவர்கள் நான்கு பேர். அதே 2024 மே 6 அன்று, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஒரே காலையில் இறந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர். அவர்களை இழுத்தது வெறும் தண்ணீர்.

மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரம் பக்கத்திலிருந்து மேற்கே நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர். ஒவ்வொரு ஊரிலும் கடல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கிழக்கிலிருந்து மேற்காகப் போவோம்.

கன்னியாகுமரியில் குளிக்க ஏற்ற இடம் முக்கடல் சங்கமத்துப் படித்துறை மட்டும்தான். அங்கும் பாறைகளைத் தாண்டக் கூடாது. பாசி படிந்த பாறையில் காலை வைத்தால் வழுக்கும், சிப்பி ஒட்டிய பாறையில் வைத்தால் கிழிக்கும். ஆடி, தை அமாவாசைகளில் கூட்டம் நெரியும்போது விழுந்தவரைத் தூக்கவே இடம் இருக்காது. இந்த ஊரில் கடலின் நிலையை அறிய எளிய வழி ஒன்று உண்டு: விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகு ஓடுகிறதா என்று பாருங்கள். கடல் சீற்றம் என்றோ நீர்மட்டம் தாழ்ந்தது என்றோ படகை நிறுத்தியிருந்தால், அன்று எந்தக் கடற்கரையிலும் கணுக்காலுக்கு மேல் நனைய வேண்டாம். டிக்கெட் கிடைக்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் நேராகச் சொத்தவிளைக்குக் காரை விடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. படகுத்துறையில் அலையைத் தூக்கும் அதே கடல்தான் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்த்து மட்டும் கடலை எடை போட்டுவிட முடியாது. இந்த மாவட்டத்துக்குத் தடைக்காலமே இரண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது மீன் இனப்பெருக்கத்துக்கான ஏற்பாடு. குளிக்கிறவருக்குக் கணக்கு வேறு: மார்கழி முதல் மாசி வரை மேற்குக் கரை ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று கரையையே அரித்துக்கொண்டு போகும். அப்போது யாருக்கும் எச்சரிக்கை தேவைப்படாது, பார்த்தாலே பயம் வரும். பயம் வராத மாதங்கள் சித்திரையும் வைகாசியும். அதைக் கணபதிபுரத்தில் பார்ப்போம்.

மணக்குடியில் பழையாறு கடலில் சேர்கிறது. ஆறும் கடலும் சந்திக்கும் இடத்தை இங்கே பொழி என்பார்கள், பொழிமுகம் என்றும் சொல்வதுண்டு. சுறாவைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இந்தக் கரையில் ஏதாவது உண்டென்றால் அது பொழிதான். மனிதரைக் கடிக்கும் சுறாக்களில் முன்னால் நிற்பவை மூன்று: பெரும் வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. வெள்ளைச் சுறாவுக்குக் குளிர்ந்த கடல்தான் பிடித்தம். காளைச் சுறா உப்புக் குறைந்த கலங்கல் நீரிலும் வாழும், ஆற்றுக்குள்ளேயே ஏறிவிடும். மழை பெய்து, பொழியை அடைத்திருக்கும் மணல்திட்டு உடைந்து, பழுப்பு நீர் கடலில் கலக்கும் நாளில் சிறுமீன் அங்கே கூடும். அதைத் தின்னப் பெரியது வரும். கண் தெரியாத தண்ணீரில் அசைவதெல்லாம் அதற்கு இரைதான். சுறாக்கடிகளில் பல இப்படி ஆளை மீன் என்று தவறாக எண்ணிக் கடித்துவிட்டு விடுபவை. அந்த ஒரு கடியே ரத்தத்தை வடித்துவிடும் என்பதுதான் சிக்கல்.

ஆகவே பொழியில் குளிக்காதீர்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்த வளைவுக்குள் இறங்காதீர்கள். மீன் வெட்டிக் கழிவைக் கொட்டும் இடத்துக்கும் பக்கத்தில் போக வேண்டாம். விடியலும் அந்தியும் சுறா இரை தேடும் நேரம். மின்னும் கொலுசும் சங்கிலியும் தண்ணீருக்குள் மீன் செதில் போலத் தெரியும். கழற்றி வைத்தால் தொலையாமலும் இருக்கும். தப்பித்தவறிச் சுறாவைக் கண்டால் முதுகைக் காட்டித் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடக் கூடாது. அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்க வேண்டும். பிடித்துவிட்டால் கண்ணிலும் செவுளிலும் குத்த வேண்டும்.

கடிபட்டவரைக் கரைக்கு இழுத்ததும் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. துண்டை மடித்துக் காயத்தின் மேல் முழு பலத்தோடு அழுத்துங்கள். கை காலில் பீறிட்டால் காயத்துக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல், நான்கு விரல் அகலத் துணியைச் சுற்றிக் குச்சி செருகி முறுக்குங்கள். நைலான் கயிறு வேண்டாம், அது சதையை அறுக்கும். கட்டிய நேரத்தைக் குறித்து வைத்து, ஆஸ்பத்திரி சேரும்வரை தளர்த்தாமல் விடுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 108.

இந்த முடிச்சைக் கற்றுக்கொள்வதால் வீணில்லை. பாறையில் விழுந்து தொடை கிழிந்தவருக்கும் இதே வைத்தியம்தான்.

சொத்தவிளையும் சங்குத்துறையும் நீளமான மணற்கரைகள். குடும்பங்கள் அதிகம் வருவதும் இங்கேதான். நின்று கடலைப் படிக்கக் கற்றுக்கொள்ளவும் இதைவிட நல்ல இடம் இல்லை. காரை விட்டு இறங்கியதும் தண்ணீருக்குள் ஓடாமல், கொஞ்சம் மேடான இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். கரைக்கு இணையாக வெள்ளை நுரைக் கோடுகள் உடைந்து வரும். அந்தக் கோட்டில் எங்காவது பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி தெரிகிறதா? அங்கே அலை உடையாது, தண்ணீர் கொஞ்சம் கருத்தோ மணல் கலங்கியோ இருக்கும், நுரையும் குப்பையும் கடலை நோக்கி நகரும். நீச்சல் தெரியாதவர் கண்ணுக்கு அதுதான் அமைதியான இடம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கே போவார்கள்.

அது இழுப்பு. அலைகள் கரைமேல் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே. மணல்திட்டு தாழ்ந்த இடமாகப் பார்த்து ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு வெளியேறுகிறது. ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. வலுத்த நாளில் வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும், அது ஒலிம்பிக் நீச்சல்காரரின் வேகம். எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிப்பதில்லை. களைத்துத்தான் மூழ்குகிறார்கள்.

இழுப்பு ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் தள்ளும். அலை உடையும் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலும் அதன் வேகம் அடங்கிவிடும். ஆகவே சிக்கியவர் முதலில் மல்லாந்து மிதக்க வேண்டும். ஒரு கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாக, வெள்ளை அலை உடையும் பக்கமாக நீந்தினால் அந்த அலைகளே கரைக்குத் தள்ளும். நீந்தத் தெரியாதவருக்கும் மிதப்பது ஒன்றே வழி. படிக்க எளிது, புடவை காலைச் சுற்றிக்கொண்டால் நடக்காது. ஜீன்ஸும் துப்பட்டாவும் நனைந்தால் அப்படித்தான். நனையப் போகிறவர் முட்டிக்கு மேல் நிற்கும் அரைக்கால் சட்டையோ ஒட்டிய உடையோ போடட்டும், பளிச்சென்ற நிறத்தில். மானம் பார்க்கிற இடம் இதுவல்ல.

முழங்கால் ஆழம் என்ற கணக்கும் ஏமாற்றும். அலை போனபின் முழங்கால், அலை வரும்போது நெஞ்சு. குழந்தையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வைக்காமல், பிடித்தே வைத்திருங்கள்.

கரையில் நிற்பவருக்கும் ஒரு பயிற்சி வேண்டும். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இரண்டாமவர், இரண்டாமவரைப் பிடிக்க மூன்றாமவர் என்று குடும்பமே போவது இப்படித்தான். மூழ்குகிறவர் கைக்கு எட்டியதை அமுக்கி மேலே ஏறப் பார்ப்பார். அது அவர் குற்றமில்லை. எறியுங்கள்: மூடியை இறுக்கிய காலித் தண்ணீர் கேன், பிளாஸ்டிக் குடம், கயிறு, எதுவானாலும். மூடிய ஐந்து லிட்டர் கேன் ஓர் ஆளின் தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தும். காரில் 20 மீட்டர் கயிறும் ஒரு காலி கேனும் போட்டுக்கொண்டு வந்தால் முந்நூறு ரூபாய்கூட ஆகாது. ஒருவர் 1093க்குப் பேசட்டும், அது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண். இன்னொருவர் பக்கத்து ஊர்ப் படகுக்காரரை அழைக்க ஓடட்டும். உண்மையில் முதலில் வந்து சேருவது அவர்கள்தான்.

தூக்கி வந்தவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நடக்கிறது. இரண்டும் கூடாது. வயிற்றில் உள்ளது வெளியே வந்து மூச்சுக்குழலை அடைக்கும். மூச்சில்லையா, மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தல், 2 ஊதல், மறுபடி 30. பெரியவருக்கு ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் செய்துகொண்டே இருக்க வேண்டும். மூழ்கியவருக்குக் குறைந்துபோயிருப்பது பிராணவாயு. மார்பை மட்டும் அழுத்தினால் போதாது.

கணபதிபுரம் அழகான கரை. காற்றில்லாத மே மாதக் காலை, வானம் தெளிவு, பள்ளி விடுமுறை. கள்ளக்கடல் வருவது பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். பெயர் கேரள மீனவர் வைத்தது, திருடனைப் போலச் சொல்லாமல் வரும் கடல். இந்தியப் பெருங்கடலின் தெற்கு மூலையில் அடித்த புயற்காற்று எழுப்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து இங்கே வந்து சேர்கின்றன. உள்ளூரில் இலை அசையாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது; 2024 மே மாதமும் கொடுத்திருந்தது. செய்தித்தாளில் 'கடல் கொந்தளிப்பு, சிவப்பு எச்சரிக்கை' என்று இருந்தால் அது மீனவருக்கு மட்டும் சொன்னதல்ல.

கைக்கடிகாரம் இருந்தால் நீங்களே அளக்கலாம். ஓர் அலை உடைந்ததிலிருந்து அடுத்தது உடையும் வரை எத்தனை வினாடி? சாதாரண நாளில் எட்டு, பத்து. பதினைந்தைத் தாண்டினால் வந்திருப்பது தூரத்து அலை. உயரம் குறைவாகத் தெரிந்தாலும் அது நீளமானது, கரையில் வழக்கத்தைவிட வெகுதூரம் மேலே ஏறும், திரும்பும்போது காலடி மணலோடு ஆளை வாரிப் போகும். அதோடு இவை கொத்துக் கொத்தாக வரும். ஐந்து நிமிடம் அமைதி, பிறகு நான்கைந்து பெரிய அலைகள். அந்த அமைதியைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். ஈரமணல் கோடு எங்கே முடிகிறதோ அதற்கும் மேலே செருப்பை வையுங்கள், நீங்களும் அங்கேயே நில்லுங்கள்.

முட்டத்துக்கு ஒரே வரி: பாறைமேல் கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். மணவாளக்குறிச்சியில் மணல் கருப்பும் சிவப்புமாகக் கிடக்கும், கனிமம் அது. வெயிலில் வெறுங்காலோடு நடந்தால் தெரியும்.

குளச்சல் தாண்டி மேற்கே போகப் போகத் தூண்டில் வளைவுகள் வரிசையாக வரும். கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கடலுக்குள் நீட்டிக் கொட்டியவை. இரண்டு வளைவுக்கு நடுவில் குளம்போலத் தெரியும் நீரில் குளிக்க ஆசை வரும். கரையோரமாக ஓடும் நீர் கல்லில் மோதி, கல்லை ஒட்டியே வெளியேறும். ஆக, வளைவின் பக்கச்சுவரில் எப்போதும் இழுப்புக்கு வாய்ப்பு உண்டு, அது இடம் மாறுவதும் இல்லை. கல்லிலிருந்து 50 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் தொழில் தெரிந்தவரின் படகுகளே கவிழ்ந்திருக்கின்றன.

சின்ன உபத்திரவங்களும் உண்டு. திருக்கை ஆழமில்லாத மணலில் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி நடந்தால் விலகிப் போய்விடும். மிதித்தால் வால் முள் குத்தும். தாங்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி வரை காலை வைத்தால் வலி இறங்கும். நெஞ்சிலோ வயிற்றிலோ முள் ஏறியிருந்தால் பிடுங்கக் கூடாது. சொறி (ஜெல்லிமீன்) பட்டால் மணலைத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் எரிச்சலைக் கூட்டும். கடல்நீரால் கழுவி, இடுக்கியால் இழைகளை எடுத்து, வெந்நீரில் வையுங்கள். மூச்சுத் திணறினால் 108.

எங்கே போனாலும் கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு இறங்கலாம். வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, கடல் எப்பிடி கெடக்கு?" என்றால் போதும். "இண்ணு இழுப்பு கெடக்கு மக்கா, எறங்காண்டாம்" என்று பதில் வந்தால் அதற்குமேல் வாதம் இல்லை.

தூத்தூரைச் சுற்றி நீரோடி வரையுள்ள எட்டு ஊர்க்காரர்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பெயர் போனவர்கள். லட்சத்தீவையும் தாண்டி வாரக்கணக்கில் கடலில் கிடந்து, நூற்றுக்கணக்கான கொக்கிகள் கோத்த நீண்ட கயிற்றால் பிடிப்பார்கள். எல்லாச் சுறாவையும் பிடிக்க முடியாது. திமிங்கலச் சுறாவுக்கு 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, 2015இல் சுறாத்துடுப்பு ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டது. சுறாவைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் படகு வந்திறங்கும் காலையில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போய், அனுமதி கேட்டு, ஏலம் விடுபவருக்குக் குறுக்கே நிற்காமல் பாருங்கள். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் தோல் வழுவழுப்பு. வாலிலிருந்து தலைக்குத் தடவினால் உப்புத்தாள் போலக் கையைச் சுரண்டும். வாய்ப்பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள், செத்த சுறாவின் பல்லும் வெட்டும்.