கண்ணி ஒட்டாமல் கொலுசுச் சங்கிலி பற்றவைத்தாயிற்று

ஒரு காலுக்கு வேண்டிய நீளத்துக்கு 92.5 சதவீத வெள்ளிச் சங்கிலி, 1 மி.மீ. கம்பி, ஒருவழியாக முடிந்தது. எல்லாக் கண்ணியும் தனித்தனியாக ஆடுகிறது! இதுவரை கண்ணிக்கு ஒரு பற்றாசுத் துண்டு (உருகி ஒட்டவைக்கும் கலவை உலோகம்) வைத்துத் தீ ஊதினால் பக்கத்துக் கண்ணியும் சேர்ந்து பிடித்து, சங்கிலி விளக்குமாற்றுக் குச்சி மாதிரி விறைத்துக்கொண்டே இருந்தது.

பற்றாசு சூட்டைத் தேடி ஓடும், அதுதான் சிக்கல். நான் வைப்பது 70 பங்கு வெள்ளி, 20 செம்பு, 10 துத்தநாகம். அது 740 டிகிரியில் முழுதாக ஓடும், 92.5 வெள்ளியோ 800ஐத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும். இந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒவ்வொரு கண்ணியாக ஊதுவது வீட்டுப் பட்டறையில் கண்ணுக்கும் கைக்கும் பெரிய சோதனை.

இப்போது செய்தது பொடி முறை. அரத்தில் ராவிய பற்றாசுப் பொடி, வெங்காரப் பொடி, ஆமணக்கெண்ணெய் மூன்றையும் குழைத்துச் சங்கிலியை ஊறவைத்து, துணியில் உருட்டித் துடைத்து, பிறகு மாக்கல் மாவில் குலுக்க வேண்டும். கல்சட்டி கடைகிற இடத்தில் கிடைக்கும் அதே மாவுதான், நன்றாகச் சலித்தது. மாவு படிந்த இடத்தில் பற்றாசு ஓடாது, ஊதும்போது கண்ணியின் வாய்க்குள், அதாவது வெட்டிய இடைவெளிக்குள், போன பொடி மட்டும் உருகிப் பிடிக்கும். துடைக்கிற அந்த ஒரு வேலையில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணெய் அதிகம் நின்றால் மாவும் வாய்க்குள் போய்விடும், அழுத்தித் துடைத்தால் பொடியே வெளியே வந்துவிடும். செய்தித்தாளில் வைத்தால் கறை படியக்கூடாது, விரலில் மட்டும் லேசாக ஒட்ட வேண்டும், அதுதான் பதம். கண்ணியைக் கட்டரில் வெட்டாதீர்கள், வாய் சரிந்துவிடும். ரம்பத்தில் அறுத்து, வெளிச்சம் தெரியாத அளவுக்கு நெருக்கி மூடுங்கள். மாவில் குலுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

அப்புறம், சேலத்தில் மேக்னசைட் செங்கல் எளிதாகக் கிடைக்கிறது என்று அதன்மேல் வைத்து ஊத வேண்டாம். அது சூட்டை இழுத்துக்கொள்ளும், கரிக்கட்டைதான் சரி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் காட்மியம் கலந்த பற்றாசை ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தார்கள், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். அன்று முதல் பற்றாசை நானே உருக்கிக்கொள்கிறேன்.

கொக்கியும் முத்தும் இன்னும் வைக்கவில்லை, அதற்குள் மனம் ஏற்காட்டில் பெரியப்பா வீட்டு ஊஞ்சல் சங்கிலிக்குப் போய்விட்டது. 8 மி.மீ. எவர்சில்வர் கம்பி, ஆர்கான் வெல்டிங். இரண்டு முனையையும் சரித்து அரைக்காவிட்டால் பற்று மேலோடு நின்றுவிடும், ஆள் உட்காரும் சங்கிலிக்கு அது ஆகாது. அதற்குத் தோதான கிரைண்டர் கல் சேலத்தில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.