மணிச்சத்தத்துக்குள்ள போன சொல்லு

எட்டாம் வகுப்பில எங்களுக்குச் சொல்வதெழுதல் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். சேர் மேசைக்கு முன்னால அங்காலயும் இங்காலயும் நடந்து வசனத்தைச் சொல்லுவார், அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு முழுக்கச் சத்தம் போட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும், நாங்கள் குனிஞ்ச தலை நிமிராம எழுதுவம். ஒருநாள் "மழை பெய்ததால் ஆற்றில்" எண்டு சொல்லி அடுத்த சொல்லுக்கு வாய் திறக்கேக்க மணி அடிச்சிட்டுது, மணி ஓய அவர் "பெருகியது" எண்டு வசனத்தை முடிச்சார். கொப்பி திருத்தேக்க பார்த்தால் எல்லாரும் "வெள்ளம்" எண்டு வடிவா எழுதியிருக்கிறம். பின் வாங்கில இருந்த என்ர சிநேகிதன் ஒருத்தன் மட்டும் அந்த இடத்தை வெறுமையா விட்டிருந்தான். சேர் கொப்பியை மூடி வைச்சிட்டு, "அந்தச் சொல்லு என்ர காதுக்கே கேக்கேல்ல, உங்களுக்கு எப்பிடியடா கேட்டது?" எண்டு கேட்டார். கேட்டது சேர், கேட்டது எண்டு எல்லாரும் அடிச்சுச் சொன்னம். எனக்கு உண்மையாவே கேட்டது. இண்டைக்கும் அந்தக் குரல் காதுக்குள்ள நிக்குது.

படிச்சு முடிச்சு வெளிநாடு வந்து இப்ப எத்தினையோ வருசமா ஆக்களின்ர காதைப் பரிசோதிக்கிற வேலை தான் செய்யிறன். சேரின்ர கேள்விக்குப் பதில் அந்தப் படிப்புக்குள்ள தான் கிடைச்சது. 1970 இல ரிச்சர்ட் வாரன் எண்டவர் ஒரு ஆங்கில வசனத்தை ரேப்பில பதிஞ்சு, ஒரு சொல்லில இருந்து ஒரேயொரு ஒலியை வெட்டி எடுத்திட்டு அந்த இடத்தில இருமல் சத்தத்தைப் போட்டு 20 பேருக்குப் போட்டுக் காட்டினார், அதில 19 பேர் ஒண்டும் குறையேல்ல, முழுசாக் கேட்டது எண்டு சொல்லிச்சினம், மிச்ச ஒருத்தரும் குறைஞ்சது எதெண்டு பிழையாத் தான் காட்டினார். இருமலுக்குப் பதிலா வெறும் அமைதியை விட்டால் ஓட்டை இருக்கிறது உடன பிடிபட்டிடும். மூடுறதுக்கு ஒரு சத்தம் இருந்தால் மூளை அதுக்குப் பின்னால தனக்குத் தெரிஞ்சதை வைச்சு நிரப்பிப் போடும். எங்களுக்கு அந்தச் சத்தம் பள்ளிக்கூட மணி.

பள்ளிக்கூடத்தில காதின்ர படம் கீறினது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், அம்புக்குறி எல்லாம் வெளியில இருந்து உள்ளுக்குத் தான் போகும், செவிப்பறை, சின்ன எலும்புகள், நத்தைக்கூடு, நரம்பு, மூளை. திரும்பி வாற அம்புக்குறி ஒண்டையும் நாங்கள் கீறேல்ல. அது பெரிய குறை எண்டு தான் நான் நினைக்கிறன். ஏனெண்டால் மூளையில இருந்து காதுக்கு இறங்கி வாற நரம்புகளும் இருக்கு, ராஸ்முசன் எண்டவர் 1946 இலயே அதைக் காட்டிப் போட்டார். நத்தைக்கூட்டுக்குள்ள, நுனியில மயிர் மாதிரி இருக்கிற ரெண்டு வகை மயிர்க்கலங்கள், உள்வரிசையில கிட்டத்தட்ட 3,500, வெளிவரிசையில கிட்டத்தட்ட 12,000. மூளைக்குச் செய்தி கொண்டு போற நரம்புகளில 95 சதவீதம் அளவில உள்வரிசையில இருந்து தான் வெளிக்கிடுது. அப்ப எண்ணிக்கையில கூடின வெளிவரிசை என்ன செய்யுது? அதுகள் சத்தத்துக்குத் தக்க நீண்டு சுருங்கி மெல்லிய ஒலியைப் பெருப்பிச்சு விடுறதுகள். மேல இருந்து இறங்கி வாற நரம்புகளில ஒரு பகுதி நேர வந்து தொடுறது அதுகளைத் தான். விடாம இரைச்சல் இருந்தால் "குறைச்சுப் பெருப்பி" எண்ட உத்தரவு வருது, அப்ப இரைச்சலுக்கு மேலால வாற பேச்சு கொஞ்சம் எடுபட்டுத் தெரியும். அதாவது காது எப்பிடிக் கேக்கோணும் எண்டதில மூளைக்கும் ஒரு சொல் இருக்கு. இன்னும் மேல போனால் மூளைப் புறணியில, அதாவது மூளையின்ர வெளிப்படையில இருந்து, காதுச் செய்தியை அதுக்குக் கடத்திற தலமசு எண்ட உள்பகுதிக்கு இறங்கிற நரம்புகள் அங்க இருந்து ஏறுறதை விடக் கூட.

2012 இல வந்த ஒரு ஆய்வை வாசிச்சிட்டு நான் அண்டைக்கு இரவு நித்திரை கொள்ளேல்ல. மெஸ்கரானி, சாங் எண்ட ரெண்டு பேர், வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளை மேல மின்வாய் வைச்சிருந்த ஆக்களுக்கு ரெண்டு பேர் ஒரே நேரத்தில கதைக்கிறதைப் போட்டு, ஒருத்தரை மட்டும் கவனிக்கச் சொல்லிச்சினம். காதுக்குள்ள போனது ரெண்டு குரலும் கலந்த சத்தம், ஆனா மூளையில பதிஞ்சதை எடுத்துப் பார்த்தால் கவனிச்ச ஆள் தனியக் கதைச்ச மாதிரி இருந்தது. வாய்ப்பாட்டுச் சத்தத்துக்குள்ள சேரின்ர குரல் எனக்குத் தனியாக் கேட்டதும் இப்பிடித் தான்.

அந்தச் சிநேகிதனுக்கு அப்பிடிக் கேக்கேல்ல. எங்கட சேர் அவனை ஏசேல்ல, "நீ கேட்டதை மட்டும் எழுதியிருக்கிறாய்" எண்டு தான் சொன்னவர், ஆனா மற்றப் பாடங்களில கவனமில்லாதவன், காது இருந்தும் கேளாதவன் எண்டு எத்தினை பேச்சு வாங்கினவன். பீப் சத்தம் போட்டுச் சோதிச்சால் எல்லாம் சரி, சனம் கூடின இடத்தில மட்டும் பேச்சு விளங்காது எண்டு சொல்லிக்கொண்டு இப்ப என்னட்டயும் பிள்ளையள் வருகினம். அவையளுக்கு நான் முதல் எழுதிக் குடுக்கிறது முன் வாங்கு, அடுத்தது படிப்பிக்கிறவரின்ர சட்டையில கொளுவிற மைக். அவனை ஒருத்தராவது முன்னுக்கு இருத்தியிருக்கலாம். பக்கத்தில இருந்த நானாவது சொல்லியிருக்கலாம், எனக்கும் அப்ப விளங்கேல்ல.

போன மாசம் அவனோட போனில கதைச்சன், அவன் நிண்ட இடத்தில ஒரே வாகன இரைச்சல், எனக்கு அவன்ர கதை முழுக்க விளங்குது, அவனுக்கு நான் சொல்லுறது பாதி விளங்கேல்ல. "மச்சான், எழுதி அனுப்படா" எண்டான். இதைத் தான் இப்ப எழுதி அனுப்பிறன்.