நாலாவது பாட்டு

மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் கிளம்பக் காத்திருந்தோம். அண்ணன் தன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார்.

"நாலாவது பாட்டக் கேளு தம்பி."

நையாண்டி மேளத்தில் உறுமி வாசிப்பவர். நாதஸ்வரம், தவில், பம்பைக்கு நடுவே கரகாட்டத்துக்கு வாசித்தே முப்பது வருஷம். இது அவருடைய முதல் ஆல்பம்.

நாலாவது பாட்டில் நாதஸ்வரம் இல்லை. தவிலும் இல்லை. உறுமியும், பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவும் மட்டும்.

வளைந்த குச்சி தோலைத் தொட்டதும், உறுமல் கிளம்புவதற்கு முன்னால், சின்னதாக ஒரு உரசல். இத்தனை திருவிழாக் கூட்டத்தில் நின்றும் அதை நான் கேட்டதே இல்லை. செல்லோ அதை வாங்கிக் கீழ் ஸ்தாயியில் திருப்பித் தருகிறது. யோசித்தால் ரெண்டும் ஒரே வேலைதான். அங்கே வில் தந்தியைத் தேய்க்கிறது, இங்கே குச்சி தோலைத் தேய்க்கிறது.

ஆறாவது பாட்டில் மட்டும் எலக்ட்ரானிக் பீட் அவரை அமுக்கிவிடுகிறது. அதைச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

இதே மதுரையிலிருந்து விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கணவரோடு ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்தார். 2018-ல் பத்மஸ்ரீ வந்தது. அப்படிக் காப்பாற்றியது பெரிய காரியம். அப்புறம் அதை எங்கே கொண்டுபோவது என்பதை வாசிக்கிறவரே முடிவு செய்ய வேண்டும். அண்ணன் செய்திருக்கிறார். "கலப்படம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பஸ் நகர ஆரம்பித்தது. மெதுவாகக் கேட்டார்:

"இதுக்குச் சாமி வருமா தம்பி?"

"எனக்கு வந்துருச்சுண்ணே."