பதிவேட்டில் இருக்கிற பையன்

வீட்டுக் கணக்கெடுப்புப் படிவத்தில் 'படிக்கிறான்' கட்டத்தில் நான் டிக் அடித்தது சரிதான். பள்ளியில் பேர் இருந்தால் படிக்கிறான் என்று எழுத வேண்டும், எங்கள் விதி அப்படி. பாம்பனில் ஓர் அக்கா கடல்பாசி எடுத்துவிட்டு வந்து, விரல்களில் சுற்றியிருந்த ஈரத்துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தபடி தன் வீட்டுப் பையனைப் பற்றிச் சொன்னார்: "பத்தாவதுல பேரு இருக்கு தம்பி. ஆளு கடலுக்குப் போறான்."

டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அரசின் கல்விச் செலவு யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்கும் கணக்கு எளிதானது. மொத்தச் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வரும். குடும்பங்களை வசதிப்படி ஐந்து பிரிவாக்கி, எந்தப் பிரிவிலிருந்து எத்தனை பிள்ளைகள் அரசுப் பள்ளியில் இருக்கிறார்களோ அத்தனை தொகையை அந்தப் பிரிவின் பேரில் எழுதுவோம். வசதியுள்ளவர்கள் தனியார் பள்ளிக்குப் போய்விடுவதால் பள்ளிக் கல்வியில் ஏழைகளின் பங்கு தூக்கலாகத் தெரியும். கல்லூரிச் செலவில் பெரும்பாலும் தலைகீழ். அந்த டிக்கினால் அடித்தட்டுப் பிரிவுக்கு ஒரு பத்தாம் வகுப்பு மாணவனின் தொகை முழுதாகப் போய்ச் சேர்ந்தது. பையன் போனது படகுக்கு.

அந்தத் தொகையில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம், பையன் வராவிட்டாலும் செலவாகும். அதுவும் மாநிலச் சராசரி. கணக்கு வாத்தியார் இல்லாத கடலோரப் பள்ளிக்கும் சென்னைப் பள்ளிக்கும் ஒரே தொகைதான்.

மேலாளரிடம் கேட்டேன். "நாம அளக்கிறது செலவை, படிப்பை இல்ல" என்றார். அறிக்கைத் தலைப்பில் 'பலன்' என்றுதானே இருக்கிறது என்றேன். சிரித்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

'படிக்கவில்லை' என்று எழுதியிருந்தால்? அந்த வீட்டுக்குப் பூஜ்யம். எப்போதோ நின்றுபோனவனும் இவனும் ஒன்றாகிவிடுவார்கள். இவனுக்கோ பேர் இருக்கிறவரை பொதுத்தேர்வு எழுத ஒரு வழி மிச்சம். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிகிறது, பள்ளி திறப்பதும் ஜூனில். எந்தப் பக்கம் கூப்பிடுகிறார்களோ அந்தப் பக்கம் போகிற வயது. பேரை அடிக்காமல் வைத்திருக்கும் தலைமையாசிரியர் அதைத் தெரிந்துதான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

'வருகை கணக்கில் சேர்க்கப்படவில்லை' என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு யாராவது பதிவேட்டைப் புரட்டினால் முதலில் போவது இவன் பேராகத்தான் இருக்கும் என்று தோன்றவே எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தாய் என்று மேலாளர் கேட்டிருந்தால் பக்கத்தில் இடம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இடமும் குறைவாகத்தான் இருந்தது.