பகா எண்ணும் பங்காளிகள் மூவரும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சனிக்கிழமை காலை மாமாவோடு பசியாறிக்கொண்டிருந்தபோது, பேச்சு வாக்கில் நான் சொன்ன ஒரு கணிதச் செய்தி மாலைக்குள் மூன்று ரிங்கிட்டை விழுங்கிவிட்டது.

நான் சொன்னது இவ்வளவுதான். 136279841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண், 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. நொடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் பாராமல் வாசித்தாலும் 474 நாட்களுக்கு மேல் ஆகும். லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் 2024 அக்டோபரில் அதைக் கண்டறிந்தபோது, அதுவரை தெரிந்த பகா எண்களுள் அதுவே பெரியது.

மாமாவோ, நான்கு இலக்க எண்ணின் மேல் பணம் கட்டும் 'நாலு நம்பர்' லாட்டரியின் பக்தர். சாலையில் மோதி நசுங்கிய காரைக் கண்டால் முதலில் அதன் எண் பலகையைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே ஓட்டுநருக்கு அடிபட்டதா என்று விசாரிப்பவர். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதமின்றி வகுபடாததே பகா எண் என்று நான் விளக்கியதும், ரொட்டி சானாயைக் குழம்பில் தோய்த்தபடியே, "அப்ப பங்கு கேட்டு எவனும் வரமாட்டான்னு சொல்லு" என்றார். அடுத்த கேள்வி, கடைசி நாலு நம்பர் என்ன என்பது.

அதற்கு முழு எண்ணும் தேவையில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். தொடக்கத்துச் சில அடுக்குகளை விட்டால், இரண்டின் அடுக்குகளுடைய கடைசி நான்கு இலக்கங்கள் 500 படிகளுக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வரும். 136279841ஐ 500ஆல் வகுத்தால் மீதி 341. ஆகவே இரண்டின் 341ஆவது அடுக்கைப் பார்த்தாலே போதும். சாப்பாட்டுக் கணக்குச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்: பத்தாவது அடுக்கு 1024. அதைத் தன்னோடு பெருக்கிக் கடைசி நான்கை மட்டும் வைத்துக்கொண்டால் இருபதாவதுக்கு 8576. அவ்வாறே 40க்கு 7776, 80க்கு 6176, 160க்கு 2976, 320க்கு 6576. இந்த 6576ஐ முந்தைய 8576ஆல் பெருக்கினால் 340க்கு 5776, இன்னொரு இரண்டால் பெருக்கினால் 1552. நடுவில் மாமாவின் குழம்பு விரல் பட்டு 2976 மஞ்சளாகிவிட்டதால், அதை மட்டும் இருமுறை போட வேண்டியதாயிற்று.

"இருக்கறதுல ஒன்ன ஏன் குறைக்கற?" என்று மாமா கடிந்துகொண்டார். குறைக்காவிட்டால் அது வெறும் இரட்டை எண், பாதிப் பங்கு கேட்க ஆள் வந்துவிடும் என்றதும் சம்மதித்தார். ஆக, 1551.

இதற்குள் கல்லாவில் இருந்த அண்ணனும் பக்கத்து மேசைப் பெரியவரும் ஆளுக்கொரு ரிங்கிட்டை நீட்டிவிட்டனர். முழு எண் பகா எண்ணாக இருந்தாலும் அதன் வாலுக்கு அந்தக் குணம் இல்லை என்பதையும், 1551இன் இலக்கங்களைக் கூட்டினால் 12 வருவதால் அது மூன்றால் வகுபடும் என்பதையும் நான் அப்போதே சொன்னேன். நம்பர் கடைக்குக் கிளம்பியவர்கள் காதில் அது ஏறவில்லை.

அன்று மாலை முடிவில், முதல் பரிசு தொடங்கி ஆறுதல் பரிசு வரை எங்கும் 1551 இல்லை. மூன்று ரிங்கிட் நட்டமும் தலைக்கு ஒன்றாக மீதமின்றி வகுபட்டது.

இரவு மாமா தொலைபேசியில் அழைத்து, அந்த எண்ணின் முதல் நாலு என்ன என்று கேட்டார். அதற்கு மடக்கை வேண்டும் என்று தொடங்கியவன், அவர் பொறுமை தெரிந்தவனாதலால், 8816 என்று மட்டும் சொன்னேன்.

"ரெண்டு எட்டு இருக்கே! இத காலையிலேயே சொல்றதுக்கென்ன?"