மேலே போகவா, நிறுத்தவா?

திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜி லேபில் டெக்னீஷியனாக இருப்பவர்களுக்கு ஒரு போன் பழக்கமானது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து "ஃப்ரோசன் ஒண்ணு வருது" (உடனே உறைய வைத்துப் பார்க்க வேண்டிய திசுத் துண்டு) என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அதோடு கையில் இருந்த வேலை எல்லாம் ஓரம் போகும். உறைந்த திசுவைச் சீவும் இயந்திரமான கிரையோஸ்டாட் மைனஸ் 20 டிகிரியில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன் (எப்போதும் இருக்கும், இருந்தாலும் பார்ப்பேன்). கொஞ்ச நேரத்தில் ஒருவர் சின்ன டப்பாவோடு வேகவேகமாக வருவார். உள்ளே ஈரத்துணியில் சுற்றிய ஒரு துண்டு, பல நேரம் பட்டாணி அளவுகூட இருக்காது. அந்தத் துண்டின் சொந்தக்காரர் மண்டை திறந்த நிலையில் மயக்கத்தில் படுத்திருக்கிறார்.

அதைப் பசையில் பதித்து உறைய வைத்து, 5 மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் போட்டு, திசுவைப் படித்துச் சொல்லும் டாக்டரான பேத்தாலஜிஸ்டின் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து அவர் போனை எடுப்பதற்குள் இருபது முப்பது நிமிடம் ஓடிவிடும். சில நாள் இன்னும் கூடும். இந்த வேலையின் பெரிய எதிரி தண்ணீர். மூளைத் திசுவில் தண்ணீர் ஜாஸ்தி, கட்டியைச் சுற்றி வீக்கம் இருந்தால் இன்னும் ஜாஸ்தி. உறையும்போது அது ஐஸ் படிகமாகி செல்களுக்கு நடுவே ஓட்டை போட்டுவிடும், ஸ்லைடு சல்லடை மாதிரி ஆகிவிடும். அதனால்தான் மூளைக் கட்டி என்றால் கூடவே ஒரு துளியை இரண்டு கண்ணாடிக்கு நடுவே நசுக்கி ஸ்மியரும் போட்டு வைப்போம்.

இந்த முறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1905-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயிஸ் வில்சன் என்ற பேத்தாலஜிஸ்ட், நோயாளி மேசையில் இருக்கும்போதே இது புற்றுநோயா இல்லையா என்று சொல்ல ஒரு வழி வேண்டும் என்று அங்கிருந்த அறுவை மருத்துவர் கேட்டதால் இதை உருவாக்கினார். ஜனவரி மாதக் குளிரில் திசுவை ஜன்னலுக்கு வெளியே வைத்து உறைய வைத்துப் பார்த்தார் என்பார்கள். அதற்கப்புறம் இயந்திரங்கள் நன்றாக முன்னேறின, ஆனால் உறைய வை, சீவு, சாயம் போடு, பார் என்ற வரிசை அப்படியேதான் இருக்கிறது.

சரி, இந்த அவசரம் எதற்கு? மெழுகில் பதித்து இரண்டு மூன்று நாள் கழித்து நிதானமாகப் பார்க்கக் கூடாதா என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். தியேட்டரிலிருந்து வரும் கேள்வி கட்டியின் பெயரைப் பற்றியது போலத்தான் இருக்கும், ஆனால் அதற்குள் இருப்பது 'மேலே போகவா, நிறுத்தவா' என்பதுதான். மூளையில் லிம்ஃபோமா (வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய்) என்றால் வெட்டி எடுப்பதில் பெரிய பலன் இல்லை, அது மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துக்குக் கரையும் சாதி. சாம்பிள் எடுத்தது போதும், மூடிவிடலாம். அதே இடத்தில், ஸ்கேனில் கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் கிளையோமா (மூளையின் துணைச் செல்களில் முளைக்கும் கட்டி) இருந்தால் பேச்சை, கை காலை பாதிக்காமல் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவும் எடுக்க வேண்டும். ஒன்றில் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும், இன்னொன்றில் விடவே கூடாது. மூன்று நாள் கழித்து வரும் துல்லியமான பதில் இந்த இடத்தில் உதவாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உறைய வைக்காமல், சீவாமல், சாயமே போடாமல் அந்தத் துண்டை லேசரில் படமெடுத்து, அந்தப் படத்தைக் கணினியே படித்துச் சொல்லும் முறை ஒன்று வந்திருக்கிறது. ஸ்டிமுலேட்டட் ராமன் ஹிஸ்டாலஜி என்று பெயர். ஆமாம், நம் சி.வி.ராமன்தான். 1928-இல் அவர் கண்டது இதுதான்: ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிக மிகச் சிறிய பங்கு, பத்து லட்சத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு, நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறின் பிணைப்புகள் எப்படி அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது. அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கைரேகை. ஆனால் பத்து லட்சத்தில் ஒன்றை வைத்துப் படமெடுப்பதற்குள் அறுவையே முடிந்துவிடும். 2008-இல் ஹார்வர்டில் சன்னி ஷீயின் குழு இரண்டு லேசர்களைச் சேர்த்து அடித்து, அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் நமக்கு வேண்டிய பிணைப்பின் அதிர்வோடு ஒத்துப்போகும்படி வைத்து, அந்தச் சன்னமான சிக்னலைப் பல மடங்கு பெருக்கிக் காட்டியது.

மூளைக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள உறை கொழுப்பு, செல்லின் உட்கரு புரதமும் டி.என்.ஏவும். ஒரு அலைவரிசையில் கொழுப்பு பளிச்சென்று தெரியும், இன்னொன்றில் புரதம். இரண்டையும் கழித்துச் சேர்த்தால் எங்கே செல்கள் மொய்க்கின்றன, எங்கே இழைகள் இன்னும் ஒழுங்காக ஓடுகின்றன என்பது தெரிந்துவிடும். அதற்கு மேல் ஊதாவும் இளஞ்சிவப்பும் கணினியில் பூசிவிடுகிறார்கள், டாக்டர்களின் கண் அந்த இரண்டு நிறத்துக்குத்தானே பழகியிருக்கிறது! போடாத சாயத்தின் நிறம். நான் இத்தனை வருஷம் பாட்டில் பாட்டிலாக ஊற்றிய ஹெமடாக்சிலின் என்ற ஊதாச் சாயத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இதில் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்த ஆய்வு 2020 ஜனவரியில் நேச்சர் மெடிசின் என்ற இதழில் வந்தது. 415 நோயாளிகளிடமிருந்து எடுத்த 25 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் காட்டிப் பழக்கிவிட்டு, 278 நோயாளிகளிடம் சோதித்தார்கள். தியேட்டரிலேயே துண்டை இரண்டாக்கி ஒன்றை வழக்கமான லேபுக்கும் ஒன்றை லேசருக்கும் அனுப்பினார்கள். வழக்கமான முறையில் பேத்தாலஜிஸ்டுகள் 93.9 சதவீதம் சரி, கணினி 94.6 சதவீதம் சரி. நேரம் 150 விநாடிக்குள்.

உடனே 'டாக்டர்களை வென்றது ஏ.ஐ' என்று செய்தி போட்டார்கள். 0.7 சதவீத வித்தியாசத்தில் என்ன வெற்றி? அந்த ஆய்வே கணினி பின்தங்கவில்லை என்று காட்டுவதற்காகத்தான் வடிவமைக்கப்பட்டது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கணினி தப்பு செய்த கேஸ்களை டாக்டர்கள் சரியாகச் சொன்னார்கள், டாக்டர்கள் தவறவிட்டதைக் கணினி சரியாகச் சொன்னது. இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் இரண்டாவது ஆளை வைத்து லாபமில்லை, வேறு வேறு இடத்தில் விழுந்தால் ஒருவர் மற்றவரைப் பிடித்துக்கொள்ளலாம். மூளைக் கட்டிக்கென்றே பயிற்சி பெற்ற பேத்தாலஜிஸ்ட் இல்லாத மருத்துவமனைகள் உலகம் முழுக்க ஏராளம், அங்கே இதன் மதிப்பு இன்னும் அதிகம்.

எனக்குச் சந்தேகங்களும் உண்டு. கணினிக்குச் சொல்லிக்கொடுத்தது அடிக்கடி வரும் வகைகளைத்தான். அபூர்வமான கட்டி வந்தால் தெரியாது என்று ஒதுங்க வேண்டும், தெரிந்த பெயரில் ஒன்றை எடுத்து ஒட்டக் கூடாது. இதற்கென்று ஒரு வடிகட்டியை அந்தக் குழுவே வைத்திருந்தது, நல்ல விஷயம். இன்னொன்று, எந்தத் துண்டு வருகிறது என்பது. ஒரு முறை ஒரே அறுவையிலிருந்து மூன்று தடவை ஃப்ரோசன் வந்தது, முதல் இரண்டிலும் செத்துப்போன திசு தவிர ஒன்றும் இல்லை. கட்டியின் நடுவிலிருந்து எடுத்திருக்கிறார்கள், உயிரோடு இருந்ததெல்லாம் ஓரத்தில். அந்தத் துண்டை லேசருக்கடியில் வைத்திருந்தாலும் செத்த திசு என்றுதான் இரண்டரை நிமிடத்தில் சொல்லியிருக்கும். ஆனால், ஒன்று உண்டு: அரை மணிக்கு ஒரு பதில் என்றால் அறுவை டாக்டர் மூன்று துண்டோடு நிறுத்திக்கொள்வார், இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் பத்து இடத்தில் எடுத்துப் பார்க்கலாம்.

அந்த எண்ணிக்கை நிஜமாகவே உதவுவது கட்டியின் விளிம்பில். கிளையோமாவுக்கு வேலி கிடையாது, நல்ல மூளைக்குள் வேர் மாதிரி ஓடியிருக்கும். இப்போதைக்கு இருக்கும் ஒரு வழி 5-ஏ.எல்.ஏ என்ற மருந்து. அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு குடிக்கக் கொடுப்பார்கள், நீல வெளிச்சத்தில் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிரும். 2006-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் இதனால் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தவர்கள் 36 சதவீதத்திலிருந்து 65 ஆனார்கள். பெரிய முன்னேற்றம்தான், ஆனால் செல்கள் கலைந்து பரவியிருக்கும் இடத்தில் வெளிச்சம் மங்கிவிடும், தீவிரம் குறைந்த கிளையோமா பல நேரம் ஒளிர்வதே இல்லை. 2024-இல் நேச்சரில் வந்த ஃபாஸ்ட்கிளையோமா என்ற ஏ.ஐ மாடல் இதே லேசர் படத்தை வைத்து, விளிம்பில் கட்டி மிச்சம் இருக்கிறதா என்று 10 விநாடியில் சொல்கிறது. 220 நோயாளிகளில் பார்த்ததில், அபாயகரமான மிச்சத்தை அது தவறவிட்டது 3.8 சதவீதம், ஸ்கேனையும் ஒளிரும் மருந்தையும் நம்பிய வழக்கமான முறைகள் தவறவிட்டது கிட்டத்தட்ட 25 சதவீதம். அப்படிப்பட்ட மிச்சத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று கண்ணில் படாமலே போகிறது என்றால், இது பெயர் சொல்லும் கருவியை விட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

"உன் வேலை போச்சா?" என்று வீட்டில் கேட்டார்கள். ஃப்ரோசன் குறையலாம், குறையட்டும், அந்தப் போன் வரும்போது வயிற்றில் ஏற்படும் பிசைவை நான் தேட மாட்டேன். இறுதி ரிப்போர்ட் இன்னும் மெழுகுக் கட்டையிலிருந்துதான் வர வேண்டும், மரபணுச் சோதனைக்கும் திசு வேண்டும். லேசர் திசுவைக் கெடுப்பதில்லை, படமெடுத்த துண்டு அப்படியே திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் விழுந்து அடுத்த நாள் என் மேசைக்கு வரும். அது உறையாத துண்டு, ஐஸ் ஓட்டைகள் இருக்காது. வெட்டச் சுகமாக இருக்கும்.