நான்காம் நாள்

ஞாயிற்றுக்கிழமை போனில் ஊர்க்கதை எல்லாம் முடிந்த பிறகு அம்மா தவறாமல் கேட்பாள்: "ஏட்டி, இன்னும் அந்தப் பிள்ளை குடுக்க ஆபீஸ்லதான் இருக்கியா?" அங்கேதான் இருக்கிறேன். பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சிறிய ஊர், பல் டாக்டர் கிளினிக்கின் மாடியில் நான்கு அறைகள். 11 வருடமாகிறது. "பெத்தவ எப்படிட்டி குடுப்பா?" என்பது அடுத்த கேள்வி. அதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும், போனை வைத்துவிடுவாள்.

"பிள்ளை குடுக்க ஆபீஸ்" என்று அம்மா மட்டுமல்ல, குழந்தை வேண்டி எங்களிடம் வருகிறவர்களும் முதல் நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பணம் கட்டினோம், வரிசையில் நிற்கிறோம், முறை வந்ததும் ஏஜென்சி ஒரு குழந்தையைத் தரும் என்று. திறந்த தத்து என்கிற இந்த ஏற்பாட்டில் நாங்கள் யாருக்கும் எதையும் தருவதில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் ஒரு பெண் எங்கள் அலமாரியிலிருக்கும் ஆல்பங்களைப் புரட்டுகிறாள். ஒரு குடும்பத்தைப் பிடித்திருந்தால் பார்க்க வேண்டும் என்கிறாள். பேசுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகும் அவள் மனம் மாறாமல் இருந்தால் குழந்தை அந்த வீட்டுக்குப் போகிறது. அதன் பிறகும் கடிதம், போட்டோ, வருடத்துக்கு ஓரிரு சந்திப்பு என்று தொடர்பு இருக்கும்.

முன்பெல்லாம் இங்கேயும் இப்படி இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய வருடங்களில், கல்யாணமாகாத பெண்ணை யாருக்கும் தெரியாத ஊருக்கு அனுப்பி, பிரசவம் முடிந்ததும் வெறுங்கையோடு திரும்ப அழைத்துக்கொள்வார்கள். கோப்பு மூடி முத்திரையிடப்படும். வளர்ப்பவர்களே பெற்றதுபோல ஒரு புதிய பிறப்புச் சான்றிதழ் எழுதப்படும். அந்தப் புதிய சான்றிதழ் வழக்கம் இன்றைக்கும் உண்டு. ஆனால் 2022-இல் வந்த சட்டத்திற்குப் பிறகு மாசசூசெட்ஸில் 18 வயதான எந்தத் தத்துப் பிள்ளையும் தன் முதல் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். அமெரிக்காவில் தத்துக்கான முதல் நவீனச் சட்டம் வந்ததும் இதே மாநிலத்தில்தான், 1851-இல். ஒரு பிள்ளைக்குத் தன் முதல் காகிதத்தைப் பார்க்கும் உரிமை முழுதாகக் கிடைக்க 171 வருடம் ஆகியிருக்கிறது.

ஃப்ரேமிங்ஹாமிலிருந்து வந்த ஒரு தமிழ்த் தம்பதியிடம் இதையெல்லாம் விளக்கியபோது கணவர் முகம் மலர்ந்து, "நம்ம ஊருக்கு இது புதுசில்லையே மேடம், தேவகி–யசோதைதானே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணனுடையது மூடிய தத்து சார். ஒரே ராத்திரியில், ஹோம் ஸ்டடி என்கிற வீட்டு விசாரணை இல்லாமல், வாங்கிக்கொண்ட யசோதைக்கே சொல்லாமல் நடந்தது. அவர்களுக்கு இருந்த பயம் எல்லோருக்கும் இருப்பதுதான்: "பிறகு அந்தம்மா வந்து கேட்டால்?" இந்தியாவில் காரா என்கிற மத்திய அரசின் தத்து அமைப்பு வழியாகப் பதிவு செய்தால் பெற்றவள் யாரென்றே தெரியாது. ஒப்படைத்த தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசமும் அங்கே சட்டத்தில் உண்டு, அது முடிந்த பிறகுதான் குழந்தை வேறு வீட்டுக்குப் போகும். இங்கே கணக்கு வேறு. பிறந்த நாளுக்குப் பின் நான்காம் நாள் வருவதற்கு முன்னால் தாய் கையெழுத்துப் போட முடியாது. போட்டுவிட்டால் அந்த நிமிடமே முடிவு, திரும்பப் பெற முடியாது.

ஹோம் ஸ்டடியைப் பற்றி எல்லோரும் பெரிதாகப் பயப்படுவார்கள். குற்றப் பதிவு சோதனை, டாக்டர் கடிதம், வருமானக் கணக்கு, நண்பர்களின் நற்சான்று, நான் வீட்டுக்கு வந்து புகை அலாரத்தை அமுக்கிப் பார்ப்பது, அவ்வளவுதான். நான் வருகிறேன் என்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் துடைத்தவர்கள் உண்டு. நான் ஃப்ரிட்ஜைப் பார்ப்பதில்லை, கணவன் பேசும்போது மனைவி எங்கே பார்க்கிறாள் என்று பார்ப்பேன். செலவு தனிக்கதை, பல இடங்களில் 30,000 டாலரைத் தாண்டும். வரிச்சலுகை உண்டு (2025-இல் 17,280 டாலர் வரை இருந்தது) என்றாலும் முதலில் கையிலிருந்து போட வேண்டும். இது எனக்கு இன்றுவரை உறுத்துகிற விஷயம். ஒருத்தி வாடகைக்கு வழியில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்காக இன்னொருத்தி வீட்டை அடமானம் வைக்கிறாள்.

நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். வூஸ்டர் பக்கத்தில் ஒரு தம்பதி, அவர் தச்சர், அவள் பள்ளி ஆசிரியை. ஒரு பெண் அவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்று போனில் சொல்லும்போது வாய் தவறி, "உங்கள் மகள் மார்ச்சில் வருகிறாள்" என்றேன். அந்தப் பக்கம் அழுகை. எனக்குப் பெருமையாக இருந்தது. அவர்கள் பெயர் வைத்தார்கள், தச்சர் அந்தப் பெயரை மரத்தில் செதுக்கிச் சுவரில் மாட்டினார். மார்ச்சில் குழந்தை பிறந்தது, இரண்டாம் நாள் டிஸ்சார்ஜ். கையெழுத்துக்கு முன்பே குழந்தையைத் தங்கள் பொறுப்பில் வீட்டுக்குக் கொண்டுபோவதாக எழுதிக் கொடுத்துக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் காலை 7 மணிக்கு அந்தத் தாய் எனக்கு போன் செய்து, "என் குழந்தை எனக்கு வேண்டும்" என்றாள். அதில் தப்பே இல்லை, அவளுடைய குழந்தை. அந்த நாட்களைச் சட்டம் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

எடுத்துவரப் போனது நான். பாட்டிலில் பாதிப் பால் இருந்தது. ஆசிரியை ஒரு வார்த்தையும் பேசாமல் டயப்பர், துணி, போர்வை எல்லாவற்றையும் பையில் அடுக்கினாள். பிறகு கரண்ட் பில்லைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்: இரவு 2.10க்கு ஒன்றரை அவுன்ஸ், 5.00க்கு ஒன்று, இடது தோளில் போட்டுத் தட்டினால்தான் ஏப்பம் வரும். "இதை அவளிடம் கொடுங்கள்" என்றாள். தச்சர் தன் காரிலிருந்து கார் சீட்டைக் கழற்றி என் காரில் மாட்டினார். பெல்ட் சரியாக இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அதைத் திருப்பிக் கொடுக்கும் தைரியம் வர எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு, கையெழுத்தாகும்வரை 'பெற்ற தாய்' என்ற சொல்லைக்கூட நான் உபயோகிப்பதில்லை. அவள் அம்மா, அவ்வளவுதான். "எங்கள் பெற்ற தாய்க்கு எட்டாம் மாதம்" என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லிவிடுவேன். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஒன்றரை வருடம் கழித்து அதே தம்பதியின் ஆல்பத்தை இன்னொரு பெண் எடுத்தாள். வயது 26, முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை, நான்கு வயதில் ஒரு மகன். விவரம் தெரியாத சின்னப் பெண்கள்தான் எங்களிடம் வருவார்கள் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. ஏற்கெனவே ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டு, அதற்கு என்ன செலவாகும், எத்தனை ராத்திரி விழிக்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஏன் இவர்களைப் பிடித்தது என்று கேட்டேன். ஒரு போட்டோவைக் காட்டினாள். "நாய் சோபா மேல படுத்திருக்கு பாருங்க. திட்டாத வீடு."

பிரசவம் முடிந்து, நான்காம் நாள்வரை குழந்தை தன்னோடுதான் இருக்கும் என்றாள். என் மேலாளருக்கு இதில் கவலை, எனக்கும்தான். ஆனால் சொல்வதற்கு எங்களுக்கு உரிமை ஏது? நான்காம் நாள் போனேன். "இன்னிக்கு வேண்டாம்." சரி என்றேன். நான்காம் நாள் என்பது முதல் நாள்தான், கடைசி நாள் அல்ல. ஐந்தாம் நாளும் வேண்டாம். இந்த இரண்டு நாளும் ஆசிரியையிடமிருந்து எனக்கு ஒரே ஒரு மெசேஜ் வந்தது. கையெழுத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. "அவள் சாப்பிட்டாளா?" என்று இருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் அவள் வீட்டுச் சமையலறை மேஜையிலேயே நடந்தது. நோட்டரி ஒருவர், சாட்சிகள் இரண்டு பேர். அதில் ஒருவரைத் தாயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம். அவளோடு வேலை பார்க்கும் பெண் ஷிப்ட் நடுவில் சீருடையோடு வந்திருந்தாள். காகிதத்தை வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டாள். நோட்டரி முத்திரை குத்திய சத்தத்தில் குழந்தை முழித்துக்கொண்டது. கீழே காரில் அந்தத் தம்பதி வந்து காத்திருந்தார்கள். நான் கை நீட்டியபோது, "கொஞ்சம் இருங்க" என்று குழந்தையைக் கட்டிலில் கிடத்தி டயப்பரை மாற்றினாள். "ஈரத்தோட குடுக்க மாட்டேன்."

அம்மா, நீ கேட்டாயே, அவள் கொடுத்தது இப்படித்தான்.

ஆறு மாதம் வீட்டில் வைத்து வளர்த்த பிறகு கோர்ட்டில் தத்து உறுதியானது. வருடத்துக்கு இரண்டு சந்திப்பு, நான்கு தடவை போட்டோ என்ற ஒப்பந்தத்துக்கும் நீதிபதி அனுமதி கொடுத்தார். மீறினால் கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்றச் சொல்லலாம், ஆனால் மீறியதற்காகத் தத்து ரத்தாகாது. ஆகவே குழந்தை கைக்கு வந்த பிறகு அந்தக் காகிதம் ஏறக்குறைய வளர்ப்பவர்களின் நாணயத்தைப் பொறுத்ததுதான். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமிருந்தால் அவள் ஏன் எங்களிடம் வருகிறாள்?

இரண்டு வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் வருடம் ஏப்ரலில் அவளிடமிருந்து போன். புகார் இல்லை. "போட்டோ வரல. பாப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" ஆசிரியையைக் கூப்பிட்டேன். வேலை அதிகம், மறந்துவிட்டது, அடுத்த வாரம். அடுத்த வாரமும் வரவில்லை. இவளா என்று எனக்கு நம்ப முடியவில்லை. கரண்ட் பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தவள், "சாப்பிட்டாளா" என்று கேட்டவள். நேரில் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள், நாயைப் பற்றிப் பேசினாள், பிறகு சொன்னாள்: குளிப்பாட்டும்போது குழந்தை, 'நான் யார் வயித்துல இருந்தேன்?' என்று கேட்டதாம். பதில் சொன்னாளாம். "அப்ப அவங்களும் அம்மாவா?" ஆமாம் என்றாளாம். அன்றிலிருந்து போட்டோவைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

பெற்றவள் கதவைத் தட்டுவாள் என்றுதான் எல்லோரும் என்னிடம் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரையில் கதவு உள்ளேயிருந்துதான் மெதுவாகச் சாத்தப்படுகிறது, நல்லவர்கள் கையால். நான் திட்டவில்லை. அவளிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "அவள் உன்னிடம் போட்டோ கேட்கவில்லை, பாப்பா நன்றாக இருக்கிறாளா என்று கேட்கிறாள்." அன்று இரவே 14 படங்கள் போயின.

அந்த அக்டோபரில் ஆப்பிள் தோட்டத்தில் சந்திப்பு. நம் ஊரில் பொருட்காட்சி மாதிரி, இங்கே இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு ஆப்பிள் பறிக்கப் போவார்கள். நானும் போயிருந்தேன், தொடர்பு விட்டுப்போன பிறகு நடக்கும் முதல் சந்திப்புக்கு நாங்கள் கூட இருப்போம். பெரியவனுக்கு இப்போது ஏழு முடிந்து எட்டு. தங்கை பின்னாலேயே ஓடினாள். இரண்டும் ஆப்பிளை ஒரே மாதிரி அடிப்பக்கத்திலிருந்து கடித்தன, விதையையும் துப்பவில்லை. "உங்க வீட்லயும் இப்படித்தானா?" என்று ஆசிரியை கேட்டாள். "எங்க அப்பா அப்படித்தான் தின்பாரு" என்றாள் அவள். தச்சர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். ஏதோ பிரச்சினை என்று நினைத்தேன். ஆசிரியைதான் பேசினாள், கொஞ்சம் கூச்சத்தோடு: அடுத்த தடவை கிறிஸ்துமஸ் லீவில் வைத்துக்கொள்கிறார்களாம், தேதியை அவர்களே பேசிக்கொள்வார்களாம், நான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாமாம்.

"ரெண்டு பேரும் நம்பர் வாங்கிட்டோம்" என்றாள் மற்றவள். என் பையில் அரை மூட்டை ஆப்பிளைப் போட்டு அனுப்பினார்கள்.